மூன்று எழுத்து, நான்கு விசை, ஐந்து குறியீடு

'அம்மா' என்னும் சொல்லில் எழுத்துக்கள் எத்தனை? மூன்று என்பதை முதலாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். அதே சொல்லைத் தமிழ் 99 விசைப்பலகையில் எழுத நான்கு விசைகளை அழுத்துகின்றோம்: அ, ம, ம, ஆ. முதலாவது மகரத்துக்குரிய புள்ளியை நாம் இடுவதில்லை. ஒரே மெய் இருமுறை வந்ததும் மென்பொருளே அதனை இட்டுக்கொள்கின்றது. எழுதி முடிந்தபின் கணினியின் நினைவகத்தில் யுனிக்கோட் முறைப்படி நிற்பவையோ ஐந்து குறியீடுகள்: அகரம், மகரம், புள்ளி, மகரம், அரவு.

எழுத்துக்கும் விசைக்கும் இடையிலான இந்தக் கணக்கு வேறுபாட்டிலேதான் எமது இளைய கணினி வல்லுநர்கள் பலர் இடறுகின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் கற்ற நூல்கள் ஆங்கிலத்தை மனங்கொண்டு எழுதப்பட்டவை. சாளரங்களையும் பொத்தான்களையும் எழுதுபெட்டிகளையும் திரையில் அமைக்க உதவும் கருவித்தொகுதிகள் யாவும், விசையொன்று அழுத்தப்பட்டால் ஒரு செய்தியையும் விடப்பட்டால் மற்றொரு செய்தியையும் நிரலுக்கு அனுப்புகின்றன. இச்செய்தியை 'நிகழ்வு' என்பர். ஆங்கிலத்திற் பெரும்பாலும் ஒரு விசைக்கு ஓர் எழுத்து. எனவே, விசை நிகழ்வையே எழுத்தெனக் கொள்ளும் பழக்கம் வேரூன்றிவிடுகின்றது.

மெல்பேர்னின் வடக்கே கிரெய்கிபர்னில், எமது அயலில் வாழும் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கெனச் சொல் விளையாட்டொன்றை ஆக்கினார். திரையிற் காணும் சொல்லைப் பிள்ளை தட்டச்சுச் செய்யவேண்டும். முதல் விசையிலேயே 'பிழை' என்றது நிரல். கைத்தொலைபேசியிலோ எதை அழுத்தினாலும் 229 என்னும் ஒரே எண் வந்தது. 2014இல் உலகின் சிறந்த பொது நூலகத்துக்கான விருதைப் பெற்ற கிரெய்கிபர்ன் நூலகத்தில் அமர்ந்து இருவரும் அதனை ஆராய்ந்தோம். அந்த 229 கோளாறன்று. 'இவ்விசையை உள்ளீட்டு மென்பொருள் கையாள்கின்றது, நீர் பொறுத்திரும்' என உலாவி அறிவிக்கும் முறையே அது. மாணவரின் நிரல் பொறுத்திருக்கவில்லை.

உரோமன் ஒலிப்பு முறையை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். எம் விசையை அழுத்தியதும் 'ம்' தோன்றும். தொடர்ந்து ஏ விசையை அழுத்தினால் அப்புள்ளி அகன்று 'ம' ஆகிவிடும். இரண்டாவது விசை புதிய எழுத்தைச் சேர்க்கவில்லை. முன்னர் எழுதியதைத் திருத்துகின்றது.

பாமினி எழுத்துருவில் எழுதிப் பழகிய எம் தலைமுறைக்கு இது புதுமையாகத் தோன்றலாம். அங்கே விசை ஒவ்வொன்றும் ஒரு வடிவம். 'கொ' எழுத முதலிற் கொம்பு, பின்னர் ககரம், இறுதியில் அரவு. கையால் எழுதும் அதே ஒழுங்கு. ஆனால் கணினி சேமித்து வைத்தது தமிழையல்ல. பாமினியில் எழுதிய 'அம்மா', எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே காட்சி தரும். புலம்பெயர் நாடுகளில் நாம் வெளியிட்ட மலர்கள் எத்தனை இவ்வாறு வாசிக்கவியலாத கோப்புக்களாகக் கிடக்கின்றன! 1991இல் வெளிவந்த யுனிக்கோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகையும் உருப்பெற்றது.

ஆகவே செய்யவேண்டியது யாது? விசை நிகழ்வைக் கட்டளைகளுக்கு மட்டும் பயன்படுத்துக: அம்புக்குறி, விலகல், குறுக்குவிசை முதலியன. எழுத்தை வேண்டுமிடத்து உரை நிகழ்வுக்குக் காத்திருக்க. உலாவியில் அது 'இன்புட்' நிகழ்வு. க்யூற் தொகுதியில் 'கீ பிரஸ் ஈவன்ற்' ஒருபுறமிருக்க, 'இன்புட் மெதட் ஈவன்ற்' தனியாக உண்டு. தமக்கென எழுதுபெட்டியைப் புதிதாக வரைவோர் இரண்டாவதை மறந்துவிடுவதே பெருந்தொல்லை. கருவித்தொகுதி தரும் ஆயத்த எழுதுபெட்டியைக் கொண்டால் இவ்வேலையிற் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். மாணவரும் அவ்வாறே மாற்றினார். சொல் முழுமையாக எழுதப்பட்ட பின்னரே நிரல் ஒப்பிடுகின்றது.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. பெயர் எழுதும் பெட்டியில் 'எழுத்து மட்டும்' எனக் கட்டுப்பாடு விதிப்பார்கள். யுனிக்கோட் வகைப்பாட்டிற் புள்ளியும் அரவும் விசிறியும் எழுத்துக்களல்ல, குறிகள். எனவே வடிகட்டி அவற்றைத் தள்ளிவிடும். கந்தசாமி என்று எழுதினால் எஞ்சுவது 'கநதசம'. ஊரையும் உறுதியையும் இழந்து வந்தவனுக்குப் பெயராவது முழுதாக இருக்கவேண்டாமா? குறிகளையும் ஏற்குமாறு அவ்விதியில் ஒரு சொல்லைச் சேர்த்தாற் போதும்.

அழித்தல் விசை பற்றி மாணவருக்கும் எனக்கும் இன்னும் இணக்கமில்லை. 'மா' என்பதன் பின்னின்று அழித்தால் பல மென்பொருள்கள் அரவை மட்டும் நீக்கி மகரத்தை விட்டுவைக்கின்றன. மா ஓரெழுத்தாதலின் முழுவதும் அழியவேண்டும் என்கிறார் அவர். குறிலும் நெடிலும் மயங்கி அடிக்கடி திருத்தும் பிள்ளைக்கு அரவு மட்டும் போவதே வசதி என்பது என் கட்சி.