ரேடியேட்டர் மாற்றுகிறீர்களா? கியர்பாக்ஸையும் கவனியுங்கள்

ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் ரேடியேட்டருக்கு இரண்டு வேலை. எஞ்சினின் சூட்டைத் தணிப்பது ஒன்று. அதன் தொட்டிக்குள் பொருத்திய சிறிய கூலர் வழியாக கியர்பாக்ஸ் ஆயிலை ஆற வைப்பது இன்னொன்று. பழைய ரேடியேட்டர் ஒழுகி, வெளி கம்பெனி அலுமினிய ரேடியேட்டர் வாங்குகிறவர்கள் இந்த இரண்டாவது வேலையைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். அளவு பொருந்தும், போல்ட் பொருந்தும். மேனுவல் காருக்காகச் செய்தது என்றால் உள்ளே கூலர் இருக்காது.

அந்த ஆயில் ஏன் அவ்வளவு சூடாகிறது? எஞ்சினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில்தான் இடையில் நின்று வேலை செய்கிறது. எஞ்சின் பக்கம் வேகமாகவும் கியர் பக்கம் மெதுவாகவும் சுழலும்போது வீணாகும் சக்தி ஆயிலில் சூடாக இறங்கிவிடும். நெரிசலில் ஊரும்போதும், மலை ஏறும்போதும், பின்னால் டிரெய்லர் கட்டி இழுக்கும்போதும் இது கூடும். சுமார் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை கவலையில்லை. 120-ஐத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தால் ஆயில் கருகும், ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் தகடுகள் வழுக்கத் தொடங்கும்.

கூலர் இல்லாத ரேடியேட்டரை மாட்டிவிட்டு, ஆயில் குழாய்கள் இரண்டையும் ஒரு ஹோஸால் இணைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. ஆயில் சுற்றும், ஆறாது. குழாய்களை அடைத்துவிடுவது இதைவிடக் கொடுமை. பல கியர்பாக்ஸ்களில் கூலரிலிருந்து திரும்பும் ஆயில்தான் உள்ளிருக்கும் பேரிங்குகளுக்குப் போகிறது.

சரியான வழி, ரேடியேட்டருக்கு முன்னால் காற்று படும் இடத்தில் தனி ஆயில் கூலர் பொருத்துவது. கியர்பாக்ஸ் ஆயிலைத் தாங்கும் ஹோஸையே கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தண்ணீர் ஹோஸ் ஊறிப்போய் ஒழுகும். கடுங்குளிர் நாடுகளில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் காலையில் ஆயிலைச் சூடேற்றவும் உதவும். நம் வெயிலில் அது பெரிய இழப்பில்லை.

தனிக் கூலரை மட்டமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர், ஃபிரான்டியர், எக்ஸ்டெரா வண்டிகளில், கம்பெனியே பொருத்திய ரேடியேட்டருக்குள் கூலர் விரிசல் விட்டு, கூலன்ட் கியர்பாக்ஸ் ஆயிலோடு கலந்தது. கலந்த ஆயில் இளஞ்சிவப்பு நுரையாக மாறி கிளட்ச் தகடுகளை அரித்தது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. உரிமையாளர்கள் பலர் அந்தக் கூலரையே துண்டித்துவிட்டு, வெளியே தனிக் கூலர் வைத்துக்கொண்டார்கள்.

ஏஎம்டி கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. மற்றவர்கள் பணம் கொடுக்கும் முன் பழைய ரேடியேட்டரையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் இருக்கும் இரண்டு ஆயில் குழாய் இணைப்புகள் புதியதில் இல்லையென்றால், தனிக் கூலரையும் சேர்த்து வாங்காமல் வண்டியை ஓட்டாதீர்கள்.