கப்பலின் விலாவிலே ஒரு கோடு

துறைமுகத்திலே சரக்குக் கப்பலைக் கண்டிருப்பீர்கள், தோழர்களே! அதன் விலாவிலே ஒரு வட்டம். வட்டத்தை ஊடறுத்து ஒரு கோடு. அழகுக்கு இட்ட பொட்டல்ல அது! சரக்கு ஏற ஏறக் கப்பல் அமிழும். கோடு நீரில் மூழ்குமளவு ஏற்றாதே என்பது சட்டம். உலக வாணிபச் சரக்கிலே 80 விழுக்காட்டுக்கு மேல் கடல் வழியே செல்கிறது. அத்தனையும் சுமப்போரின் உயிர்க்காப்பு, அந்தக் கோடு.

எளிதிலே கிடைத்ததா? இல்லை!

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து. கடலுக்கே அரசி என்று மார்தட்டிய நாடு. அங்கே கப்பல் முதலாளிகள் சிலர் போட்ட கணக்கைக் கேளுங்கள்: ஓட்டைக் கப்பலை வாங்கு, மதிப்புக்கு மேல் இன்ஷூர் செய், சரக்கைத் திணி, அனுப்பு! கரை சேர்ந்தால் கட்டணம். கவிழ்ந்தால் இன்ஷூரன்சுப் பணம்! முதலாளிக்கு இருபுறமும் இலாபம். மாலுமிக்கு? 'சவப்பெட்டிக் கப்பல்' என்றே அவற்றுக்குப் பெயர். கையொப்பமிட்டபின் ஏற மறுத்தாலோ, சிறை! கடலிலே சாவு, கரையிலே சிறை!

சாமுவேல் பிளிம்சால், நிலக்கரி வணிகர், டெர்பி தொகுதி உறுப்பினர். 1873-இல் நூல் எழுதி இந்தக் கொடுமையை நாடறியச் செய்தார். 1875-இல் கப்பல் மசோதாவை அரசு கைவிட்டதும் மன்றத்திலே கொதித்தெழுந்தார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புவோரைக் கயவர்கள் என்றே சாடினார். மரபு மீறினார் என்றது மன்றம். மக்களோ அவர் பக்கம்! 1876-இல் கோடு கட்டாயமாயிற்று.

வேடிக்கை இனிமேல்தான்! கோடு போடு என்ற சட்டம், எங்கே போடுவது என்பதை முதலாளியிடமே விட்டது. புகைபோக்கியிலே போட்டான் ஒருவன் என்றுகூடச் சொல்வார்கள்! 1890 சட்டம்தான் அந்த ஓட்டையை அடைத்தது. 1906-இல் பிரிட்டிஷ் துறைமுகம் வரும் அந்நியக் கப்பலுக்கும் கோடு. 1930, 1966 உடன்படிக்கைகள் அதை உலகச் சட்டமாக்கின.

இன்று சூது ஒழிந்ததா? வேடம் மாறியிருக்கிறது! முதலாளி ஒரு நாட்டிலே. கப்பலிலே பறப்பது பனாமா கொடி, லைபீரியா கொடி. கடன் முற்றினால் கப்பலையும் மாலுமியையும் அந்நியத் துறைமுகத்திலே விட்டுவிட்டு மறைவோர் இன்றும் உண்டு. 2006-இன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. கைவிடப்பட்டவனின் நான்கு மாதம் வரையிலான ஊதியத்துக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் முதலாளி முன்கூட்டியே பிணை காட்டவேண்டும் என்ற விதி, 2017 முதல் அமலில் இருக்கிறது.

சட்டம் வந்துவிட்டது என்று சொன்னால், மகிழுங்கள். மகிழ்ந்த கையோடு கேளுங்கள், தோழர்களே — கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்பவன் யார்?