கடல் கடந்தும் அணையாத இழை

காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூர், வள்ளல் அழகப்பச் செட்டியார் 1909-ஆம் ஆண்டு பிறந்த ஊர். அந்நாளில் செட்டிநாட்டின் பிற ஊர்களைப் போலவே இங்கிருந்தும் நகரத்தார் ஆடவர் பலர் ‘கொண்டுவிற்க’ கடல் கடந்தனர். பர்மா, மலேயா, இலங்கை எனக் கப்பலேறியவர்கள், மூன்றாண்டுக் கணக்கு முடிந்த பின்னரே ஊர் திரும்புவது வழக்கம். முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக நீண்ட வீடுகளில், அதுவரை குடும்பப் பொறுப்பைத் தாங்கியவர்கள் ஆச்சிமார்களே.

பிரிந்திருந்த குடும்பத்தை ஒரே நாளில் ஒரே நினைவில் இணைத்தது பிள்ளையார் நோன்பு. காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்த காலத்தில், கடலில் புயலில் சிக்கிய முன்னோர் விநாயகரை வேண்டி, நாளுக்கு ஓர் இழையாக ஆடையிலிருந்து எடுத்துவைத்து நாள்களைக் கணக்கிட்டனர் என்றும், 21-ஆம் நாள் கரை சேர்ந்தனர் என்றும் பெரியோர் சொல்வர். கடலோடிகளின் நோன்பு, கடலுக்குக் கணவரை அனுப்பியவர்களின் நோன்பாகவும் நிலைத்தது.

திருக்கார்த்திகை தொடங்கி நாள்தோறும் கோடி வேட்டியிலிருந்து ஓர் இழை எடுத்துச் சேர்ப்பர். மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில், 21 இழைகளையும் திரியாகத் திரித்து இழைமாவில் வைப்பர். ஆவாரம்பூ சூடிய பிள்ளையார் முன் தீபாராதனை நிகழும். பின்னர் வீட்டின் மூத்தவர் சுடரேற்றித் தர, ஒவ்வொருவரும் வணங்கி, எரியும் சுடருடனேயே அதை உட்கொள்வர். கருவுற்ற பெண்ணுக்கு மட்டும் இரண்டு இழை; பிறவாத குழந்தையும் அன்று கணக்கில் சேர்ந்துவிடும்.

அக்கரைச் சீமையில் இருந்தவரும் கணக்கிலிருந்து விடுபடவில்லை. கொண்டுவிற்கச் சென்ற ஊர்களிலும் நகரத்தார் ஒன்றுகூடி, அங்கிருந்த மூத்தவர் கையால் இழை எடுத்துக்கொண்டனர். கடிதம் வந்துசேர நாள்கள் பல ஆகும் காலத்தில், ‘இன்று அவரும் இழை எடுத்திருப்பார்’ என்ற எண்ணமே இங்கிருந்த ஆச்சிக்கு ஆறுதல்.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது, பலர் தேடிய செல்வத்தை அங்கேயே விட்டுத் திரும்ப நேர்ந்தது. ஈட்டிய பொருள் போயிற்று, இழை அறவில்லை. இன்றும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் நகரத்தார் குடும்பங்கள் கூடி இந்நோன்பை நோற்கின்றன.

பிள்ளைகளைத் தொலைதூர நாடுகளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்கு இந்நோன்பு ஒன்றை உணர்த்துகிறது. உடன் உண்பவர் மட்டுமல்லர், ஒரே தெய்வத்தை ஒரே நாளில் நினைப்பவரும் ஒரு குடும்பமே. விக்கினம் தீர்க்கும் விநாயகன் அவ்விழையை என்றும் காப்பானாக!