நெல் தூர் வெடித்தலும் புரதச் சிதைவும்

நட்ட நாற்று ஒன்று பல தூராக வெடிப்பதை நாள்தோறும் காணும் குடியானவர்கள், அதன் காரணத்தை எருவின்மேலும் நீரின்மேலும் ஏற்றிக் கூறுவது வழக்கம். அது சரியே. ஆயினும், பயிருக்குள்ளேயே ஒரு காவலும் உண்டு. பயிர் வளர்வது, அதன் உயிரணுக்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுவதனாலாம். அப்பிரிவு ஒழுங்காக நடைபெறப் புதிய புரதங்களை உண்டாக்கினால் மட்டும் போதாது. உண்டாக்கியவற்றை உரிய தருணத்தில் அழிக்கவும் வேண்டும்.

இவ்வுண்மை முதலில் புலப்பட்டது நெல்லிலன்று, கடல் முள்ளெலி என்னும் பிராணியின் முட்டையிலாகும். 1982-ம் வருஷம் அமெரிக்காவிலுள்ள உட்ஸ் ஹோல் என்னுமிடத்தில் ஆங்கில சாஸ்திரியான டிம் ஹன்ட் அம்முட்டைகளை ஆராய்ந்தார். ஒரு புரதம் சிறிது சிறிதாகப் பெருகி, முட்டை பிரியுந்தோறும் திடீரென மறைவதைக் கண்டு, அதற்கு ஸைக்ளின் எனப் பெயரிட்டார். ஸைக்ளின் மிகுந்தால் பிரிவு தொடங்கும். அது அழியாவிடில் பிரிவு முற்றுப்பெறாது.

அழிக்கும் முறை விந்தையானது. வனத்தில் வெட்டவேண்டிய மரத்துக்கு முத்திரையிடுவதுபோல, 76 அமினோ அமிலங்களாலான உபிக்விட்டின் என்னும் சிறு புரதம், அழியவேண்டிய புரதத்தின்மீது சங்கிலியாக ஒட்டப்படுகிறது. முத்திரை பெற்றதைப் புரோட்டியஸோம் என்னும் அமைப்பு துண்டு துண்டாக அறுத்துவிடும். இம்முறையை வெளிப்படுத்திய சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவர் 2004-ல் ரசாயன நோபல் பரிசு பெற்றனர். ஸைக்ளினுக்கு முத்திரையிடுவது, பல புரதங்கள் கூடிய ஏ.பி.ஸி. என்னும் பெருந்தொகுதி.

அதே ஏ.பி.ஸி. நெல்லின் தூரையும் ஆளுகிறதென்பதே விவசாயிகள் அறியத்தக்க செய்தி. மாக்-1 என்னும் ஜீன் கெட்ட நெற்செடி தூரே வெடிக்காமல் ஒற்றைத் தண்டாக நிற்பதைச் சீன ஆராய்ச்சியாளர் 2003-ல் வெளியிட்டனர். தூர்மொட்டு தோன்றுவதற்கு அந்த ஜீன் தரும் புரதம் அவசியம். அப்புரதத்தை, டாட்-1 என்னும் துணைப் புரதத்தின் உதவியோடு ஏ.பி.ஸி. முத்திரையிட்டு அழித்துவருவது 2012-ல் தெரியவந்தது. டாட்-1 கெட்ட செடியிலோ அழிப்புக் குன்றித் தூர்கள் மிகுந்தன, செடி குட்டையாயிற்று.

தூர் மிகுதி கண்டு மகிழ்வோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். காலங்கடந்து எழும் தூர்களில் பல கதிர் ஈனாமல் சத்தை மட்டும் உண்டு மடியும். ஆகவே, இக்காவலை அடியோடு நீக்கிய நெல் வயலுக்கு உதவாது. அளவறிந்து தளர்த்திய நெல்லே பயன்படக்கூடும். அத்தகைய விதை வாய்த்தாலும் நடவில் கவனம் வேண்டும். ஆழப் புதைத்து நட்ட நாற்று, எவ்வகை நெல்லாயினும், தூர் வெடிக்கத் தாமதிக்கும். இளநாற்றை மேலாக நடுதலே நலம்.