சிகாகோவில் ஒரு பகல்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். சிகாகோவில் ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது என்றால், எடுத்த எடுப்பில் எந்தக் கோபுர உச்சிக்கும் ஏற வேண்டாம். மிச்சிகன் அவென்யூ பாலத்தருகே படிக்கட்டில் இறங்கினால் கட்டடங்களைக் காட்டும் சுற்றுப்படகு கிடைக்கும். காலையிலேயே அதில் ஏறிவிடுங்கள். உறைபனிக் காலத்தில் படகு ஓடாது.

ஏன் ஆறு? ஏனென்றால் அது திசை மாறி ஓடும் ஆறு. ஒரு காலத்தில் ஊர்ச் சாக்கடையும் இறைச்சிக் கூடங்களின் கழிவும் அதில் கலந்து மிச்சிகன் ஏரியில் போய் விழுந்தன. குடிதண்ணீர் எடுத்ததும் அதே ஏரியில்தான். ஏரிப் பக்கத்தையும் மிசிசிப்பிப் பக்கத்தையும் பிரிப்பது ஒரு தாழ்ந்த மேடு மட்டுமே. அதை ஆழமாக வெட்டி, 45 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் தோண்டி, 1900 ஜனவரியில் திறந்தார்கள். ஏரித் தண்ணீர் ஆற்றுக்குள் புகுந்து மறுபக்கமாக ஓட ஆரம்பித்தது. சிகாகோவின் குடிதண்ணீர் பிழைத்தது. கழிவு மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் பக்கம் போனது. அதை எதிர்த்து அந்த மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1906-இல் தோற்றது. அந்தத் தீர்ப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஒப்பவில்லை.

கரையோரத்தில் மிகப் பழைய கட்டடங்களைத் தேடாதீர்கள். 1871 அக்டோபர் தீயில் நடு ஊர் சாம்பலாகிவிட்டது. மறுபடி கட்டி எழுப்பிய ஆண்டுகளில்தான் உலோகச் சட்டமே பாரத்தைத் தாங்கும் முறை அங்கே வேரூன்றியது. சுவர் சுமக்க வேண்டாம் என்றான பிறகு மாடிகள் மளமளவென்று ஏறின.

படகு தெற்கே திரும்பும்போது கறுப்பாக நிமிர்ந்து நிற்பது வில்லிஸ் டவர். பழைய பெயர் சியர்ஸ் டவர். 110 மாடி, 442 மீட்டர். அவ்வளவு உயரத்தில் பாரத்தைவிடப் பெரிய எதிரி காற்று. டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்து நிறுத்தினார். ஒற்றைக் கரும்பு முறியும், கட்டுக் கரும்பு முறியாது அல்லவா, அந்தக் கணக்குதான். உற்றுப் பாருங்கள்: குழாய்கள் வெவ்வேறு உயரத்தில் நின்றுவிட, இரண்டு மட்டும் மேலே போகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு உச்சிக்கு ஏறினால், கொடுத்த காசுக்குப் பலன் உண்டு.

மத்தியானம் டீப் டிஷ் பீட்சா. வேக நேரம் எடுக்கும். ஒருவருக்கு இரண்டு துண்டே தாராளம்.

பிறகு மில்லினியம் பூங்கா. கட்டணம் கிடையாது. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்த பளபளக்கும் எஃகுச் சிற்பம் அங்கே இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது ‘பீன்’. அதன் வளைவுக்கு அடியில் போய் அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள்.

அங்கிருந்து நடக்கும் தூரம்தான் ஆர்ட் இன்ஸ்டிடியூட். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் சர்வ சமய மாநாட்டில் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். அவரைக் கப்பலேற்றப் பணம் திரட்டியவர்களில் முன்னின்றவர்கள் அளசிங்கப் பெருமாளும் சென்னை இளைஞர்களும். ஓவியங்களுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்; கால் வலித்தால் கடைவீதியை விட்டுவிடலாம், இதை விடக்கூடாது.