சைக்கிள் கற்ற மாவட்டத்தில் கம்ப்யூட்டர் யாருக்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டுக்குப் போனால் நான் முதலில் கவனிப்பது ராம் எத்தனை ஜிபி, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்பதை அல்ல. அந்த வீட்டில் எத்தனை பேர் அதைத் தொடுகிறார்கள் என்பதைத்தான்!

சென்னை சாஃப்ட்வேர் நிறுவனம் ஒன்றுக்காகப் புதுக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். இன்ஜினியரிங் படித்தவன் என்பதால், ஞாயிற்றுக்கிழமை வந்தால் சொந்தக்காரர்கள் போன் செய்துவிடுவார்கள். பிரிண்டர் மாட்ட வேண்டும், தமிழ் எழுத்து வரவில்லை, இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று ஏதாவது ஒன்று. பல வீடுகளில் காட்சி ஒன்றுதான். மகன் பயன்படுத்துவார், அப்பா எப்போதாவது உட்காருவார். அம்மா? தூசி தட்டி, துணி போட்டு மூடி வைப்பார். அவ்வளவுதான்.

இந்த மாவட்டத்தில் இப்படி இருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

சைக்கிள் தந்த பாடம்

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துக் கற்றுத் தருவதுதான் அதன் வேலை. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதோடு ஒரு விஷயத்தையும் சேர்த்தார். பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தருவது!

வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம செவிலியர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் கற்றுக்கொண்டதாக அவர் குறிப்பிடுகிறார். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் யாரும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா!

சைக்கிள் வந்ததால் என்ன மாறியது? தண்ணீர் எடுக்க, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக, குழந்தையைப் பள்ளியில் விட, பஸ்ஸுக்காகவோ வீட்டு ஆண்களுக்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை என்றானது. காத்திருப்பு குறைந்ததுதான் பெரிய லாபம்.

மீண்டும் பஸ் ஸ்டாப்பில்

என் அத்தையும் 1992-ல் சைக்கிள் கற்றவர்தான். திருமயம் பக்கத்துக் கிராமம். காய்கறி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார். மாமா இறந்த பிறகு நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக இரண்டு முறை பஸ் ஏறி டவுனுக்கு வந்து கம்ப்யூட்டர் சென்டரில் காத்திருந்திருக்கிறார். முதல் முறை சர்வர் வேலை செய்யவில்லை, இரண்டாம் முறை கூட்டம்.

இத்தனைக்கும், மகளின் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் அவர் வீட்டிலேயே இருக்கிறது!

"நீங்களே பார்க்கலாமே அத்தை" என்றேன். "ஏதாச்சும் அமுக்கிக் கெடுத்துப்புட்டா யாருப்பா பதில் சொல்றது?" என்றார்.

நான் மவுஸைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் சொன்னேன். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தைத் திறந்து மாவட்டம், தாலுகா, கிராமம் என்று ஒவ்வொன்றாக அவரே தேர்வு செய்தார். கடைசியில் பட்டா எண்ணைக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. பட்டா இன்னும் மாமா பெயரில்தான் இருக்கிறது என்பதைத் தன் கண்ணாலேயே படித்தார். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்துப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்று மறு வாரமே கிளம்பிவிட்டார்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது சின்ன விஷயமா? அதைத் தெரிந்துகொள்ள இன்னொருவரின் நேரத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டுமா?

ஓடிபி யார் கையில்?

2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு முறையாவது இன்டர்நெட் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். ஆனால் ரேஷன் கார்டு, பேங்க், கேஸ் என்று எல்லாவற்றுக்கும் மொபைலுக்கு ஓடிபி வருகிறது. வீட்டுப் பெண்களின் கணக்குகளுக்கும் கணவர் அல்லது மகனின் நம்பரையே கொடுத்துவைத்திருப்பது நம் பக்கம் சகஜம். அவர் வெளியூரில் இருந்தால்? சிங்கப்பூரில் இருந்தால்? போன் போட்டு எண்ணைக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுப் பழகியவர்கள், யாரோ ஒருவர் போன் செய்து ஓடிபி கேட்டாலும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இந்த இரண்டையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

உங்கள் வீட்டில் செய்ய நான்கு விஷயங்கள்

1. தனி அக்கவுண்ட்: விண்டோஸில் செட்டிங்ஸ் சென்று அக்கவுண்ட்ஸ் பகுதியில் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்குங்கள். அம்மாவின் அக்கவுண்ட்டை ஸ்டாண்டர்டு யூசர் ஆகவே வையுங்கள். அப்போது முக்கியமான அமைப்புகளை மாற்றவும் பெரும்பாலான புரோகிராம்களை நிறுவவும் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்கும். "கெடுத்துவிடுவேனோ" என்ற பயம் பாதி போய்விடும்.

2. தமிழில் டைப்பிங்: தமிழக அரசு 1999-ல் தரப்படுத்திய தமிழ்99 கீபோர்டில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்யெழுத்துகள் வலப்பக்கமும் இருக்கும். க, இ இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கி' வந்துவிடும். பள்ளியில் படித்த உயிர்மெய்க் கணக்குதான். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு இதுவே எளிது. விண்டோஸ் 10-ன் 2019 மே மாத அப்டேட் முதல் இது உடன் வருகிறது. லாங்வேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்துத் தேர்வு செய்தால் போதும்.

3. எழுத்தைப் பெரிதாக்குங்கள்: பிரவுசரில் கண்ட்ரோல் சாவியை அழுத்திக்கொண்டு ப்ளஸ் சாவியைத் தட்டினால் எழுத்து பெரிதாகும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கம்ப்யூட்டரை ஒதுக்குவதற்குக் கண் தெரியாததும் ஒரு காரணம்.

4. அவர்களுக்கு வேண்டிய வேலையிலிருந்து தொடங்குங்கள்: பெயின்ட் பிரஷ்ஷில் வட்டம் போடச் சொல்லாதீர்கள். கரண்ட் பில் பார்ப்பது, மகளுக்கு மெயில் அனுப்புவது, சங்கக் கணக்கு எழுதுவது என்று ஆரம்பியுங்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் உதவியதால்தானே சைக்கிள் நிலைத்தது!

பழைய கம்ப்யூட்டர் போதுமா?

கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும். லேடீஸ் சைக்கிள் வரும் வரை அந்தப் பெண்கள் காத்திருக்கவில்லையே! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14-10-2025 அன்று முடிந்துவிட்டது. எனவே செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள், அதில் விண்டோஸ் 11 ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். ஓடாது என்றால் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், அது இலவசம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன கம்ப்யூட்டரில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.

கற்றுத் தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவசரப்பட்டு மவுஸைப் பிடுங்காதீர்கள். சைக்கிள் கற்றுத் தருபவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவாரே தவிர, ஹேண்டில் பாரைத் தான் வாங்கிக்கொள்ள மாட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கம்ப்யூட்டர் மேல் போட்டிருக்கும் துணியை எடுங்கள். நாற்காலியில் அம்மா உட்காரட்டும், நீங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள்.