செவிலியர் பயிற்சியும் முதியோர் குறித்த மனச்சாய்வும்

மும்பையில் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மலருக்கு மருத்துவக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் பற்றி எழுத ஆட்கள் நிறைய உண்டு. நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த 78 வயது அம்மா ஒருவர் காய்ச்சலோடு வார்டில் சேர்ந்தார். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி இந்தியில் பெயர் கேட்டாள், கிழமை கேட்டாள். பதில் இல்லை. ‘குழப்ப நிலை, வயது காரணம்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினாள். மேற்பார்வை என்னுடையது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தமிழச்சியான நான் கட்டிலருகே போய் ஒரு வார்த்தை பேசவில்லை. வார்டு நிறைய ஆட்கள், நேரமில்லை என்பதெல்லாம் சாக்கு.

மறுநாள் காலை, நான் பக்கத்துக் கட்டில்காரரிடம் தமிழில் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். “ஏ தாயி, நீ தமிழா? நேத்துலேருந்து ஒண்ணுக்கே வரலை, வயிறு வெடிக்கிற மாதிரி இருக்கு. யாருகிட்ட சொல்ல?” என்றார். ஒரு பகலும் ஓர் இரவும் சிறுநீர் அடைத்துக் கிடந்திருக்கிறது. கதீட்டர் போட்ட அரைமணி நேரத்தில் ஊர்க்கதை பேசினார். மொழி தெரியாது, காதும் கொஞ்சம் மந்தம். அவ்வளவுதான் அவருடைய குழப்பம்.

நாற்பது வயதுக்காரர் பதில் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் மொழி தெரிந்த ஆளைத் தேடியிருப்பாள். 78 என்பதால் தேடவில்லை. இதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஏஜிஸம்’ என்கிறார்கள். 1969-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் உருவாக்கிய சொல் இது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் இருவரில் ஒருவருக்கு இந்த மனச்சாய்வு உண்டு என்கிறது. தமிழில் இதற்குச் சொல் தேடி அலைகிறோம்; ‘பெரிசு’, ‘கிழடு’ மட்டும் தேடாமலே வந்துவிடுகின்றன.

மாணவிகள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பலர் பாட்டி கையில் வளர்ந்தவர்களே. ஆனால் பயிற்சிக் காலத்தில் அவர்கள் சந்திக்கும் முதியவர் எல்லாரும் படுக்கையில் கிடப்பவர். பெட் பேன் வைப்பதும் வாய் துடைப்பதுமே முதல் அறிமுகம். மூன்று நான்கு ஆண்டுகள் இப்படிப் பார்த்தால் முதுமை என்றாலே இதுதான் என்று மனசில் பதியாதா?

பாதிப்பு மனசோடு நிற்பதில்லை. முதியவருக்குச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரெனக் குழப்பம் வந்தால் அது பெரும்பாலும் டெலிரியம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புது மாத்திரை, மலச்சிக்கல், நீர் அடைப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கண்டுபிடித்தால் பல நேரம் சரியாகிவிடும். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. “வயசாயிடுச்சுல்ல” என்று சொல்லிவிட்டால் காரணத்தைத் தேடும் வேலையே நின்றுபோகிறது. உயிரே போகலாம்.

அதன்பின் பாடத்தை மாற்றினேன். கண்ணாடியில் வாசலின் தடவி, காதில் பஞ்சு வைத்து, செருப்புக்குள் பயறு போட்டு, விரல்களைப் பிளாஸ்திரியால் கட்டி, மாத்திரை அட்டையைப் பிரிக்கச் சொல்வேன். வகுப்பே சிரிக்கும். பத்து நிமிடத்தில் சிரிப்பு அடங்கும். ஆனால் இது மட்டும் போதாது, “ஐயோ, முதுமை இவ்வளவு கொடுமையா!” என்று பயந்து போனவர்களும் உண்டு. 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2019-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, பாடமும் முதியோருடன் நேரில் பழகுவதும் சேர்ந்தால் பலன் அதிகம் என்று கண்டது. எனவே மாட்டுங்கா, செம்பூர் பக்கம் தெரிந்த வீடுகளுக்கு ஞாயிறுதோறும் இரண்டிரண்டு பேராக அனுப்பினேன். இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. அவர் வாழ்நாளில் செய்த வேலையைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். ரயில்வேயில் ஓய்வு பெற்ற 81 வயதுக்காரர் ஒருவரோடு காய்கறி வாங்கப் போன பெண், அவர் நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சு வாங்கத் திரும்பினாள்.

அடுத்தது பேச்சு. “செல்லப் பாட்டி, ஆ காட்டு” என்று குழந்தையிடம் பேசுவது போலப் பேசினால், மறதி நோயாளிகள் பணிவிடையை அதிகம் எதிர்க்கிறார்கள் என்று 2009-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. இங்கே ‘ஆஜி’, ‘மாவ்ஷி’ என்பது மரியாதைதான். இருந்தாலும் எப்படிக் கூப்பிடலாம் என்று முதலில் அவரையே கேட்கச் சொல்வேன். நோயாளியை விட்டுவிட்டு மகனிடம் கேள்வி கேட்டவளுக்கு அன்று மதிப்பெண் கிடையாது.

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் ஒரு தாளில் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கட்டிலில் ஒட்டிவிடுங்கள்: என்ன மொழி பேசுவார், எந்தக் காது கேட்கும், நேற்று வரை எப்படித் தெளிவாக இருந்தார், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும். தண்ணீர், வலி, ஒண்ணுக்கு என்ற மூன்று தமிழ்ச் சொற்களை அவர்கள் எழுத்திலேயே அடியில் சேர்த்துவிடுங்கள். அன்று கேஸ் ஷீட் எழுதிய மராத்திப் பெண் இந்த மூன்றையும் அந்த அம்மாவிடமே கேட்டு, உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டாள்.